சட்னி வாளியின் வழவழப்பு: உயிர்ப்படலம் ஓர் எளிய அறிமுகம்

மதுரை சிம்மக்கல் பக்கம் என் பெரியம்மா ராத்திரி இட்லிக்கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால் விடிகிற வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். போன சித்திரையில் அவருக்கு ஒரு தொல்லை வந்தது. ஆறு மணிக்கு அரைத்து வைக்கிற தேங்காய்ச் சட்னி வழக்கமாகப் பன்னிரண்டு மணி வரை தாங்கும். அது எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் புளித்து நுரைகட்ட ஆரம்பித்தது. தேங்காய் வாங்கும் கடையை மாற்றினார். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றி அரைத்தார். பொரிகடலையைப் புதிதாக வாங்கினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"நல்லா சோப்புப் போட்டுத்தான தாயி கழுவுறேன். ப்ளீச்சிங் பவுடரக்கூடக் கரைச்சு ஊத்தி வச்சுப் பாத்துட்டேன்" என்றார்.

சட்னி வாளியை வாங்கிப் பார்த்தேன். பல வருடம் உழைத்த பிளாஸ்டிக் வாளி. கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது, வாசமும் இல்லை. உள்ளே கையை விட்டு அடிப்பக்கத்து மூலையில் விரலை ஓட்டினேன். வழுக்கியது. எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டிக்கொண்டு வரும். இது அப்படி வரவில்லை. நனைந்த கூழாங்கல்லைத் தொடுவதுபோல விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெல்லிசாக ஏதோ ஒன்று இருந்தது.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித் தருகிறேன். அந்த வழவழப்பை வகுப்பில் பயோஃபிலிம் என்போம், தமிழில் உயிர்ப்படலம். சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களும் வீட்டில் சமைக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பாக்டீரியா விஷயம் ஒன்றே ஒன்றுதான் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஜிகர்தண்டாவில் இருக்கும் விளக்கம்

பாடப்புத்தகத்தில் பாக்டீரியாவைத் தனியாக நீந்துகிற ஒரு குட்டிக் குச்சியாகப் படம் போட்டிருப்பார்கள். ஆய்வகக் குடுவையில் அது அப்படித்தான் இருக்கும். வெளியுலகில் பெரும்பாலும் அப்படி இல்லை. கனடாவைச் சேர்ந்த பில் காஸ்டர்டன் என்ற ஆய்வாளர் மலை ஓடைகளைப் பார்த்துவிட்டு, ஓடும் தண்ணீரில் மிதக்கிற பாக்டீரியா சொற்பம், பாறையில் ஒட்டிக்கிடப்பதுதான் ஏராளம் என்று கண்டார். 1978இல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தத் துறை சூடுபிடித்தது. குட்லாடம்பட்டி அருவியில் கால் வழுக்கியவர்களுக்கும், தெப்பக்குளத்துப் படியில் எச்சரிக்கையாக இறங்கியவர்களுக்கும் விஷயம் காலடியிலேயே தெரியும். அதை நாம் பாசி என்கிறோம். பாசியோடு சேர்ந்து பாக்டீரியாவும் கட்டிய படலம் அது. வெளிச்சமே படாத வாளிக்குள்ளும் தண்ணீர்க் குழாய்க்குள்ளும் பாசி வளர முடியாது. அங்கே வழுக்குவது முழுக்கப் பாக்டீரியாவின் வேலை. காலையில் பல் தேய்க்குமுன் நாக்கால் பல்லைத் தடவினால் மாவு பூசினதுபோல இருக்கிறதே, அதுவும் இதே சாதிதான்.

அந்தப் படலம் எதனால் ஆனது? மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஜிகர்தண்டாவில் போடுகிற பாதாம் பிசினை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நாலு துண்டு ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய ஜெல்லி. பிசின் என்பது நீளமான சர்க்கரைச் சங்கிலிகளின் பின்னல். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்டீரியாவும் தன்னைச் சுற்றி இதுபோன்ற ஒரு பிசினைத்தான் சுரக்கிறது. சர்க்கரைச் சங்கிலி, புரதம், செத்த செல்களிலிருந்து கசிந்த டிஎன்ஏ எல்லாம் அதில் கலந்திருக்கும். அந்த ஜெல்லிக்குள் சப்ஜா விதை பதிந்ததுபோலப் பாக்டீரியா செல்கள் உட்கார்ந்திருக்கும். படலத்தில் 97 விழுக்காடு வரைகூடத் தண்ணீர் இருக்கலாம். காயவைத்து நிறுத்தால், பெரும்பாலான படலங்களில் செல்களின் எடை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் எல்லாம் பிசின். ஆக, பாக்டீரியாவைக் கொல்வதைப் பற்றி யோசிக்குமுன் இந்தப் பிசினைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

எப்படிக் குடியேறுகிறது

வாளியைக் கழுவி வைத்ததும் முதலில் வந்து ஒட்டுவது பாக்டீரியா அல்ல, சட்னிதான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேங்காய்ப் புரதமும் கொழுப்பும் பிளாஸ்டிக்கில் ஒரு பூச்சாகப் படிந்துவிடும். வழுக்குச் சுவரில் சிமெண்டுப் பால் அடித்ததுபோல, அடுத்து வருகிறவர்களுக்கு அது பிடிமானம்.

பிறகு பாக்டீரியா வருகிறது. கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போவதும் உண்டு. இந்தக் கட்டத்தில் ஓர் அலசு அலசினாலே பெரும்பகுதி போய்விடும். உடம்பில் முளைத்த மெல்லிய இழைகளால் அது பிடித்துக்கொண்டுவிட்டால் கதை மாறும். செல்லுக்குள்ளே சைக்ளிக் டைஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு கூடும். அது கூடினால் நீந்துகிற வேலை நிற்கும், பிசின் சுரக்கிற வேலை தொடங்கும். இவ்வளவும் நடக்கச் சில மணி நேரம் போதும். ஓரிரு நாளில் அந்தச் செல்கள் பெருகித் திட்டுத்திட்டாகி, திட்டுகள் சேர்ந்து ஊராகி, ஊருக்குள் சாப்பாடும் தண்ணீரும் போய்வரச் சின்ன வாய்க்கால்கூட விட்டுக்கொள்ளும்.

இதற்கு நடுவே அவை பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சமிக்ஞை மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டபடி இருக்கும். தனியாக இருந்தால் அது தண்ணீரோடு போய்விடும். கூட்டம் கூடினால் அந்த மூலக்கூறு சுற்றிலும் சேரும், உள்ளே திரும்பி நுழையும். 'நாம் நிறையப் பேர் இருக்கிறோம்' என்று எல்லாச் செல்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக்குள் நிற்கிறபோது, ஒருவர் 'கோவிந்தா' என்றால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். ஆள் நெருங்க நெருங்க எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் சத்தம் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் அல்லவா, கிட்டத்தட்ட அப்படி. 1970இல் கென்னத் நீல்சன், வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற இருவர் கடலில் ஒளிவிடும் ஒரு பாக்டீரியாவில் இதைக் கண்டார்கள். கூட்டம் சேர்ந்தால்தான் அது ஒளிவிட்டது. நம் உணவைக் கெடுக்கிற பாக்டீரியா பலவற்றில், எப்போது பிசினைக் கூட்டுவது, எப்போது நச்சைச் சுரப்பது என்பதை இந்தப் பேச்சு தீர்மானிக்கிறது.

முற்றிய படலம் சும்மா இருக்காது. ஓரத்திலிருந்து துணுக்குகள் பிய்ந்து போகும், சில செல்கள் பிசினைக் கரைத்துக்கொண்டு நீந்திப் போகும், புது இடம் தேடும். பெரியம்மாவின் சட்னிக்கு நடந்தது இதுதான். பாலில் உறைமோர் ஊற்றுவதற்கு நாம் ஒரு கரண்டி பழைய மோரை எடுத்து வைப்போம். இங்கே அந்தப் பழைய வாளியே உறைமோர் ஆகிவிட்டது. தினமும் எவ்வளவு புதுசாக அரைத்துக் கொட்டினாலும், கொட்டுகிற நிமிடமே உறை விழுந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டினேன். மதுரைச் சித்திரைச் சூட்டில் நல்ல தீனி கிடைத்தால் சில பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். பத்துத் தடவை இரட்டித்தால் 1,024 மடங்கு. அதாவது வாளி சுத்தமாக இருந்தபோது விழுந்ததைவிட ஆயிரம் மடங்கு பாக்டீரியா இப்போது ஆரம்பத்திலேயே விழுந்தால், சட்னிக்குப் பத்து இரட்டிப்புக்கான நேரம் குறைந்துபோகும். பத்து இருபது இருநூறு நிமிடம், மூன்று மணி இருபது நிமிடம். பன்னிரண்டு மணி வரை தாங்க வேண்டியது எட்டு நாற்பதுக்கே கெடுகிறது. பெரியம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப தேங்காக்காரன வையிறது தப்பு" என்றார்.

புளிக்கிறது பரவாயில்லை, புளிக்காததுதான் பயம்

புளித்த சட்னியை யாரும் சாப்பிட மாட்டார்கள், கொட்டிவிடுவார்கள். நட்டம்தான், நோய் இல்லை. நான் பயப்படுவது அதே படலத்துக்குள் சத்தமில்லாமல் இடம்பிடிக்கக்கூடிய மற்றப் பாக்டீரியாவை நினைத்துத்தான். படலம் ஒரே இனத்தின் வீடு அல்ல. யார் முதலில் பிசின் கட்டினாலும் அடுத்தவர் வந்து தங்கலாம்.

கோழி, முட்டை வழியாக வரும் சால்மொனெல்லா அதில் ஒன்று. அது தன் பிசினில் செல்லுலோஸையே நெய்துகொள்ளும். பருத்தி நூலில் இருக்கிற அதே பொருள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நம் மூக்கிலும் கையில் இருக்கிற சீழ்ப்புண்ணிலும் வாழ்வது. உணவில் அது சுரக்கிற நச்சு கொதிக்கவைத்தாலும் முழுதாக அழியாது. 'சூடு பண்ணிட்டா சரியாப் போயிரும்' என்பது இந்த ஒன்றிடம் பலிக்கவே பலிக்காது. பாசில்லஸ் சீரியஸ் அரிசியோடு வரும். அதன் ஸ்போர் என்ற உறங்குநிலை வித்து சோறு வேகிற சூட்டையும் தாண்டிப் பிழைக்கும், எவர்சில்வரில் ஒட்டிக்கொள்வதில் கெட்டி. லிஸ்டீரியாவுக்கு ஃபிரிட்ஜின் குளிரே போதும், மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் பதப்படுத்திய இறைச்சி வழியாக லிஸ்டீரியா பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பச்சிளம் குழந்தைகள் அதில் நிறையப் பேர். ஆலைகளில் இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட ஒரே மூலையில் தங்கியிருக்க இந்தப் படலம் கட்டுகிற குணம் உதவுகிறது.

இவை எதுவும் சட்னியைப் புளிக்கவைத்து எச்சரிக்கை தராது. ருசி மாறாது, வாசம் மாறாது. அதனால்தான் நாக்கை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள் என்று மாணவர்களிடம் சொல்கிறேன். பாத்திரம் கழுவி முடித்ததும் உள்மூலையில் விரலை ஓட்டிப் பாருங்கள். எவர்சில்வர் என்றால் கிறீச்சிட வேண்டும். வழுக்கினால் வேலை முடியவில்லை.

ப்ளீச்சிங் ஏன் தோற்றது

இந்தக் கேள்விக்கு முந்நூறு வருடத்துக்கு முந்தைய பதில் ஒன்று இருக்கிறது. 1680களில், டச்சு ஊரான டெல்ஃப்டில் துணி வியாபாரம் பார்த்த லீவன்ஹூக், தான் செய்த கண்ணாடிவில்லையில் தன் பல் அழுக்கை வைத்துப் பார்த்து, உள்ளே 'குட்டி விலங்குகள்' நெளிவதைக் கண்டார். பிறகு காடியால் வாயைக் கொப்பளித்துப் பார்த்தார். அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும் செத்தன. காடி உள்ளே ஊடுருவவில்லை என்று எழுதிவைத்தார். பாக்டீரியாவை மனிதர் பார்க்கத் தொடங்கிய காலத்திலேயே, படலத்துக்குள் மருந்து எட்டாது என்பதும் தெரிந்துவிட்டது.

ப்ளீச்சிங் பவுடரில் வேலை செய்கிற குளோரின் ஆளைப் பார்த்து அடிப்பதில்லை. பாக்டீரியா, பிசின், ஒட்டியிருக்கும் தேங்காய்க் கொழுப்பு, எது கிடைத்தாலும் வினைபுரியும். வினைபுரிந்த குளோரின் தீர்ந்துபோன குளோரின். பிசின் பாக்டீரியாவுக்காக அடி வாங்கிக்கொள்கிறது. ஊற்றியதில் பெரும்பங்கு மேல்பூச்சிலேயே செலவாகி, அடியில் இருப்பவர்களுக்குச் சொட்டுத்தான் போய்ச் சேர்கிறது.

அப்படிச் சேர்ந்தாலும் முழுப்பலன் இல்லை. படலத்தின் ஆழத்தில் காற்றும் தீனியும் குறைவு என்பதால் அங்கே இருக்கிற செல்கள் அரைத்தூக்கத்தில் இருக்கும். வளர்கிற செல்லைத் தாக்கும் மருந்துகளுக்கு, வளராமல் படுத்திருக்கும் செல்லிடம் வேலை இல்லை. 1944இலேயே ஜோசப் பிக்கர் என்பவர், பென்சிலின் எவ்வளவு கொடுத்தாலும் சொற்பச் செல்கள் மிஞ்சுவதைப் பார்த்தார். அவை தழைத்தால் அடுத்த தலைமுறை மறுபடி பென்சிலினுக்குச் சாகிற சாதாரணச் செல்களே. படலத்துக்குள் இப்படி மிஞ்சுகிறவை அதிகம். இதெல்லாம் சேர்ந்துதான், ஆன்டிபயாடிக் போன்றவற்றுக்குப் படலச் செல்கள் மிதக்கும் செல்களைவிட 10 முதல் 1,000 மடங்கு வரை தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். குறைந்த அளவு மருந்து பட்ட சில பாக்டீரியா, பயந்துபோய்க் கூடுதலாகப் பிசின் சுரப்பதும் ஆய்வகத்தில் பார்த்ததுதான்.

வகுப்பில் இதைக் காட்ட ஒரு பழைய சோதனை வைத்திருக்கிறோம். சோதனைக்குழாயில் பாக்டீரியாவை ஓரிரண்டு நாள் வளர்த்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசிவிட்டு, கிரிஸ்டல் வயலட் ஊற்றுவோம். வாய்ப்புண்ணுக்குத் தடவிய ஊதா மருந்து ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அந்த நிறம் தெரியும். சாயத்தையும் கொட்டி அலசினால், காலிக் குழாய் என்று நினைத்ததன் சுவரில், தண்ணீர் நின்ற மட்டத்தில் கரும் ஊதா வளையம் ஒன்று நிற்கும். தண்ணீர்ப் பீய்ச்சியால் அடித்தாலும் போகாது. பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போய்விடும். ஒவ்வொரு வருடமும் அந்தக் கணத்தில் வகுப்பு அமைதியாகும்.

தேய்த்த பிறகே மருந்து

ஆகவே வரிசைதான் முக்கியம். முதலில் சோப்போ சோடாவோ போட்டுத் தேய்த்துப் படலத்தைப் பெயர்க்க வேண்டும், அலச வேண்டும், அதற்குப் பிறகு குளோரின். பெரியம்மா சோப்புப் போட்டார், குளோரினும் ஊற்றினார். ஆனால் பஞ்சைத் தொட்டு வாளியைச் சுற்றி ஒரு வழி வழித்தாரே தவிர அடிமூலையில் அழுத்தித் தேய்க்கவில்லை. பிளாஸ்டிக்கில் இருந்த கீறல்களுக்குள் எந்தப் பஞ்சும் இறங்காது. பாக்டீரியா ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. நமக்கு மயிரிழைக் கீறல் என்றால் அதற்கு அது கண்மாய். கம்பி நாரால் பிளாஸ்டிக்கைத் தேய்ப்பது இதனால்தான் வேண்டாம் என்கிறேன். இன்றைய அழுக்கை எடுக்கிறோம் என்று நாளைய அழுக்குக்கு வீடு வெட்டிக்கொடுக்கிறோம். கீறல் விழுந்த வாளியை மாவு, சட்னி எதற்கும் வைக்காமல் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவதே சரி.

பால் பண்ணைகளில் குழாய்களைக் கழற்றாமலே கழுவ ஒரு முறை உண்டு. முதலில் தண்ணீர், பிறகு சூடான காரக் கரைசல், பிறகு தண்ணீர், பிறகு அமிலக் கரைசல், கடைசியில் மறுபடி தண்ணீர். காரம் கொழுப்பையும் புரதத்தையும் எடுக்கும். அமிலம் பாலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் படிந்த கல்லை எடுக்கும். இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்தது. சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பார், பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்ப்பார், அலசி வெயிலில் கவிழ்ப்பார். விறகுச் சாம்பல் காரம். புளி அமிலம். நார் தேய்ப்பு. வெயில் உலர்த்தல். பழசெல்லாம் நல்லது என்று சொல்லும் ஆள் அல்ல நான். ஆனால் அந்த வரிசை பிசகில்லாதது.

கல் என்றேன். மதுரையில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் இருக்கிற கால்சியம் இரண்டு வகையில் படலத்துக்கு உதவுகிறது. வெள்ளைப் படிவாகப் பாத்திரத்தில் ஏறிச் சொரசொரப்பைக் கூட்டுகிறது. அதோடு பிசின் சங்கிலிகளுக்கு நடுவே பாலமாக நின்று அதை இறுக்குகிறது. அதனால் வாரம் ஒரு முறை வினிகரோ எலுமிச்சை உப்புக் கரைசலோ ஊற்றி வைத்து அந்த வெள்ளையை எடுத்துவிடுவது நல்லது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும்: வினிகர், எலுமிச்சை உப்பு, கழிப்பறை கழுவும் ஆசிட் எதையும் ப்ளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள், ஒன்றை முழுக்க அலசாமல் அடுத்ததை ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

குளோரின் எவ்வளவு? கடையில் விற்கும் வாசனை சேர்க்காத திரவ ப்ளீச்சின் லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 4 விழுக்காடு என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 5 மில்லி, அதாவது ஒரு சிறு டீஸ்பூன் போதும். பத்து லட்சத்தில் 200 பங்கு என்ற கணக்கு வரும். சுத்தமாகத் தேய்த்த பாத்திரத்தில் அது இரண்டு நிமிடம் பட்டால் போதும். பிறகு குடிக்கிற தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிடலாம். அன்றன்றைக்குக் கலக்குங்கள், வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும், வெந்நீரிலும் நிற்காது. ராத்திரி முழுக்க ஊறவைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். எவர்சில்வரில் குளோரின் புள்ளிபுள்ளியாக அரித்துக் குழி போடும். அந்தக் குழிகள் யாருக்கு வீடு என்று இதற்குள் உங்களுக்கே தெரியும்.

எங்கே ஒளிந்திருக்கும் என்று கேட்டால், ஈரம் காயாத, கை எட்டாத எல்லா இடத்திலும். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில், ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள். டிபன் பாக்ஸ் மூடியின் ரிங், பிள்ளைகளின் வாட்டர் பாட்டில் மூடி, கத்தியும் கைப்பிடியும் சேருகிற இடுக்கு, 20 லிட்டர் கேன் கவிழ்க்கிற டிஸ்பென்சரின் குழாய்மூக்கு, கரும்புச்சாறு மெஷினின் உருளைக்கு அடிப்பக்கம். பச்சைக் கோழியைக் குழாயடியில் வைத்துக் கழுவினால் தெறிக்கிற துளி போய்ச் சேருகிற தொட்டியின் விளிம்பும்தான். கழற்றக்கூடியதைக் கழற்றிக் கழுவுவது என்ற ஒரே பழக்கம் இதில் பாதியைத் தீர்த்துவிடும்.

தூங்காத ஊரின் சிக்கல்

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருப்பதாக நான் நினைக்கிறேன். தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். தூங்காத கடையில் பாத்திரமும் தூங்குவதில்லை. வாளியில் சட்னி குறையக் குறைய மேலே ஊற்றுகிறோம். டிரம்மில் தண்ணீர் பாதியானால் ரொப்புகிறோம். எதுவும் முழுக்கக் காலியாவதே இல்லை. படலத்துக்கு இதைவிட வசதி கிடையாது. சூழல் சூட்டில் இடைவிடாமல் பயன்படுத்தும் பாத்திரங்களையும் பலகைகளையும் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கழுவ வேண்டும் என்று அமெரிக்காவின் மாதிரி உணவு விதித்தொகுப்பு சொல்கிறது. அந்த நாலு மணி நேரம், மேலே சொன்ன ஒட்டிக்கொள்கிற கட்டத்தோடு பொருந்துகிறது. பிசின் இறுகுமுன் பிடித்தால் சாதாரணத் தேய்ப்பு போதும். மூன்று நாள் விட்டால் மல்லுக்கட்ட வேண்டும்.

ஆய்வகங்களில் என்ன நடக்கிறது

தேய்ப்புக்கு மேல் வேறு வழி இல்லையா என்று ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பிசினையே கரைக்கிற நொதிகள் ஒரு வழி. புரதத்தை, சர்க்கரைச் சங்கிலியை, டிஎன்ஏவை வெட்டுகிற நொதிகளைச் சேர்த்த கழுவு கரைசல்கள் ஆலைகளில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. பாக்டீரியாவையே தின்னும் பேஜ் என்ற வைரஸ் இன்னொரு வழி. லிஸ்டீரியாவுக்கு எதிரான ஒரு பேஜ் கலவையை இறைச்சி உணவுகளில் தெளிக்க 2006இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

எனக்குப் பிடித்தது பேச்சைக் கலைக்கிற வழி. செல்லைக் கொல்லாமல், சமிக்ஞை மூலக்கூறை மட்டும் மறித்துவிட்டால், கூட்டம் கூடியும் கூடினது தெரியாமல் தனித்தனியாக நிற்கும். ஆஸ்திரேலியக் கடலின் ஒரு சிவப்புப் பாசி தன் மேல் படலம் படியாமல் இருக்க இந்த உத்தியைத்தான் கையாள்கிறது. பக்கத்திலே காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் மன்னார் வளைகுடாப் பக்கத்துப் பவளங்களோடு வாழும் பாக்டீரியாவிலிருந்து படலத்தைத் தடுக்கும் பொருள்களைத் தேடிப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கொல்லாத மருந்துக்கு எதிராகப் பாக்டீரியா மாறுவதற்கான நெருக்கடி குறைவு என்பதுதான் இதில் உள்ள நம்பிக்கை.

ஓமத்தில் இருக்கும் தைமோல், கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு, மஞ்சளின் குர்குமின் எல்லாம் ஆய்வகத்தில் படலத்தைக் குறைத்துக் காட்டியவை. ஆனால் அங்கே பிரித்தெடுத்த பொருளை அளந்து வைத்துச் செய்கிறார்கள். மஞ்சள் தண்ணீரில் வாளியைக் கழுவினால் வாளி மஞ்சளாகும், அவ்வளவுதான். யாராவது அப்படிச் சொல்லி அனுப்பினால் நம்ப வேண்டாம்.

இட்லி மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பொங்கவைப்பதில் முக்கியப் பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அது விடுகிற வாயுவில் மாவு உப்பும், அமிலத்தில் புளிக்கும். அந்தப் புளிப்பே பல கெட்ட பாக்டீரியாவை வளரவிடாமல் பிடித்து நிறுத்தும். இதே லியூகோநாஸ்டாக் வெட்டிப்போட்ட கரும்பில் ஏறினால் சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக மாற்றிவிடும். அலங்காநல்லூர், மேலூர் பக்கம் கரும்பு போடுகிறவர்கள் வெட்டின கரும்பைச் சீக்கிரம் ஆலைக்கு அனுப்பத் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிசின் ஏறிய சாறு ஆலையில் வடிகட்டியை அடைக்கும், சர்க்கரை சரியாகப் படிகமாகாது. இட்லியில் நம் ஆள், கரும்பில் கொள்ளைக்காரன். இதன் உறவுக்கார பாக்டீரியா ஒன்று சுரக்கும் நிசின் என்ற பொருளைப் பாலாடைக்கட்டி போன்ற உணவுகளில் பாதுகாப்புக்காகச் சேர்க்கிறார்கள். நல்ல பாக்டீரியாவை முதலில் குடியேற்றிக் கெட்டதற்கு இடமில்லாமல் செய்வதும் ஆராய்ச்சியில் இருக்கிற ஒரு வழி.

பெரியம்மா கடையில் எந்தப் பேஜும் வரவில்லை, நொதியும் வரவில்லை. பழைய பிளாஸ்டிக் வாளி போனது. மூலை இல்லாமல் அடி வளைந்த எவர்சில்வர் தூக்குச்சட்டி இரண்டு வாங்கினோம். ஒன்று அடுப்படியில் இருக்கும்போது மற்றது சோடாப்போட்டுத் தேய்த்து, அலசி, குளோரின் காட்டி, கம்பித் தட்டில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருக்கும். பத்து மணிக்கு ஒன்றை எடுத்து மற்றதை வைப்பார். பழைய சட்னி மிச்சமிருந்தால் புதுச்சட்டியில் ஊற்றுவதில்லை. முதல் வாரமே சட்னி பன்னிரண்டு மணி வரை தாங்கியது.

ஒரு நாள் பாத்திரம் தேய்க்கிற பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப இது ராத்திரியெல்லாம் ஈரத்துலதான தாயி கெடக்கு?" என்று அவரே கேட்டார். நான் சொல்ல விட்டுப்போன இடம் அது. பஞ்சின் ஒவ்வொரு துளையும் ஈரமும் தீனியும் நிறைந்த அறை. நாம் சுத்தம் செய்கிற கருவியே அடுத்த பாத்திரத்துக்கு உறைமோர். இப்போது வேலை முடிந்ததும் இட்லிச் சட்டியின் கொதிக்கிற தண்ணீரில் அஞ்சு நிமிடம் போட்டு, பிழிந்து, காலை வெயிலில் கொடியில் மாட்டுகிறார். வாரம் ஒரு பஞ்சு. மேசை துடைக்கும் துணிக்கும் அதே கொடிதான்.